முட்டை உரிக்கும் விரல்கள்: பால்வாடியில் பராமரிப்பும் கற்றலும்

பால்வாடியில் அன்று முட்டை போடும் நாள். சுவரோரம் விரித்த பாயில் பதினைந்து பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறவைத்த அவித்த முட்டைகளை ஆயாம்மா ஒவ்வொரு தட்டிலும் வைத்துக்கொண்டே வருகிறார். அவசரமென்றால் அவரே மளமளவென்று உரித்துப் போட்டுவிடுவார். அன்று அவசரமில்லை. நான்கு வயதுக்காரி ஒருத்தி முட்டையைத் தட்டின் விளிம்பில் மெல்லத் தட்டுகிறாள். விரிசல் விழுகிறது. நகத்தால் ஓட்டைப் பிடித்து இழுக்கிறாள். துணுக்குத் துணுக்காகத்தான் வருகிறது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வைப் பார்த்துவிட்டு, "டீச்சர், முட்டை சட்டை போட்டிருக்கு" என்கிறாள். "ஆமா தங்கம், மெல்லிசு சட்டை. கழட்டினா உள்ள என்ன கலர்?" என்று டீச்சர் கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் பையன் முந்திக்கொண்டு "வெள்ளை" என்கிறான். "அதுக்கும் உள்ள?" என்றதும் இருவரும் முட்டையைப் பிட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த ஐந்து நிமிடத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? ஊட்டச்சத்துக் கணக்கில் முட்டை ஒன்று என்று ஏறும். முன்பருவக் கல்விக் கணக்கில் எதுவும் ஏறாது. ஆனால் அந்தச் சிறுமியின் விரல் நுனிகள் பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய பயிற்சியை எடுத்துக்கொண்டன. உள்ளே, வெளியே என்ற இடப்பொருள் புரிந்தது. ஓர் உவமையை அவளாகவே கண்டுபிடித்தாள். அதைப் பெரியவர் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு, மேலும் ஒரு கேள்வியைத் திருப்பித் தந்தார்.

குழந்தைக் காப்பகங்களைப் பற்றிய நம் பேச்சு நெடுநாளாக 'சோறா, படிப்பா' என்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு தரப்புக்குப் பால்வாடி என்றால் சோறு போடுகிற இடம். இன்னொரு தரப்புக்கு மூன்று வயதுப் பிள்ளை ஏ, பி, சி, டி எழுதினால்தான் படிப்பு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தப் பிரிவினையே பொருந்தாது என்பதும், இரண்டையும் ஒன்றாகத் தருவதற்கு முதலில் வேண்டியது போதுமான ஆட்கள் என்பதும் இந்தத் துறையின் வரலாற்றையும் ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைத்த முடிவு. அதற்கான காரணங்களை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

முற்றத்திலிருந்து வந்த பெயர்

சிறு பிள்ளைகளுக்கென்று தனி இடம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்டது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டன் விளையாட்டையே பாடமாக்கியது. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அங்கே பிள்ளைகளின் வேலைகளில் எழுத்துக்குச் சமமான இடம் கை கழுவுவதற்கும், பொத்தான் போடுவதற்கும், தண்ணீர் ஊற்றுவதற்கும், தரையைப் பெருக்குவதற்கும் இருந்தது. அன்றாடப் பராமரிப்பையே கல்வியாக அவர் பார்த்தார். அந்த மாண்டிசோரிக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்த அவருக்கு, உலகப்போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சென்னையிலும் கொடைக்கானலிலும் அவர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அதற்கு முன்பே குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பால மந்திரை நடத்தத் தொடங்கியிருந்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் பின்னர் மகாராஷ்டிரத்தின் போர்டி, கோஸ்பாட் பகுதிகளுக்குப் போனார். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வராததால் பள்ளியை அவர்களின் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான் அங்கன்வாடி. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள இடம் என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அரசு மட்டத்தில் திருப்புமுனை 1972. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளிக்கு முந்தைய பருவத்துக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி அந்த ஆண்டில் அறிக்கை தந்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் ஒரே இடத்தில் தர வேண்டும் என்ற சிந்தனைக்கு அது வலுவான அடித்தளம் இட்டது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்து - நலக் கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள் அதில் அடக்கம்.

தமிழ்நாடு இதற்கு இணையாகத் தன் வழியிலும் நடந்தது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைகளைக் கண்டுபிடித்து உணவு தந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி மாணவர்களோடு இரண்டு வயது தாண்டிய பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இயங்குகின்றன. பலகையில் 'அங்கன்வாடி' என்று எழுதியிருந்தாலும் ஊர்மக்கள் வாயில் அது இன்னும் பால்வாடிதான்.

இந்த வரலாற்றில் இன்னொரு கிளையும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை விட்டுச் செல்லும் இடத்தை இலங்கை மலையகத் தமிழர் 'பிள்ளை மடுவம்' என்பார்கள். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண் தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாயின் உழைப்பு தடைபடாமல் இருப்பதற்காக எழுந்தவை அந்த மடுவங்கள். பிள்ளையின் வளர்ச்சி என்ற எண்ணம் அவற்றுக்குள் பின்னால்தான் நுழைந்தது. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும்' என்ற மனப்பான்மை இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

உடம்பு முதல்

பிறந்த குழந்தையின் மூளை இரண்டு வயதுக்குள் வளர்ந்த மனிதரின் மூளை அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அந்த வேகத்துக்கு உணவு வேண்டும். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதன்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் துணை உணவாகக் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைக்கு அது 800 கிலோ கலோரியாக இருந்தது. தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது. இரண்டு வயது தாண்டியவர்களுக்கு மையத்திலேயே சூடான சாப்பாடு. வாரம் மூன்று நாள் முட்டை, மற்ற நாட்களில் பயறோ கொண்டைக்கடலையோ உருளைக்கிழங்கோ உண்டு.

உணவு தருவதோடு கண்காணிப்பும் சேர வேண்டும். பால்வாடியில் எடைபோடும் நாளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கொக்கியில் தொங்கும் தராசில் துணித்தொட்டிலைக் கட்டி, அழுகிற குழந்தையை அதில் உட்காரவைத்து, முள் ஆடாமல் நிற்கும் அந்த ஒரு நொடியைப் பிடித்து எழுதுவார்கள். மேல்கையின் நடுவில் சுற்றும் நாடா ஒன்றும் உண்டு. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அது 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பைக் காட்டினால் உடனடி மருத்துவ உதவி வேண்டும். 125-க்குக் கீழே மஞ்சள் என்றால் கவனம் வேண்டும். ஒரு மாதத்து எடையை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. மூன்று மாதமாக அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த டீச்சர், நோய் முற்றும் முன்பே தாயைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்.

தூக்கத்தையும் பராமரிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஓடியாடுவதற்கு நாளில் மூன்று மணி நேரமாவது வேண்டும் என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குத் திரை நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. மதியம் பாய் விரிக்காத ப்ளே ஸ்கூல், எவ்வளவு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளையின் உடம்பை மறந்த இடம்தான்.

பாதுகாப்பைப் பற்றி நமக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அடுப்பு எங்கே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மாடிக்கு எத்தனை வழி என்ற கேள்விகளைக் கேட்காமல் எந்தக் காப்பகத்திலும் பிள்ளையை விடக் கூடாது என்பதற்கு நாம் கொடுத்த விலை அது.

முதல் வாரத்து அழுகை

காப்பகத்துக்கு வரும் குழந்தையின் முதல் பாடம் பிரிவு. அம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் வாசற்படியில் நின்று அழுகிற பிள்ளையை, "நீங்க போங்கம்மா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று இழுத்து உள்ளே கொண்டுபோவது நம் ஊரில் பழகிப்போன காட்சி. அழுகை அடங்கத்தான் செய்யும். ஆனால் களைத்துப்போய் அடங்குவதும் நிம்மதியாகி அடங்குவதும் வேறு வேறு. தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றி ஜான் போல்பி 1951-இல் உலக சுகாதார அமைப்புக்கு எழுதிய அறிக்கைக்குப் பின் இந்தப் பொருள் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. சிறு குழந்தைக்கு அம்மா இல்லாத நேரத்தில் 'இவர் என்னுடையவர்' என்று ஒட்டிக்கொள்ள ஒரு முகம் வேண்டும். நாளுக்கொரு ஆள் மாறினால் அந்தப் பிணைப்பு உருவாகாது.

ஆகவே நல்ல காப்பகம் முதல் நாட்களில் தாயையோ பாட்டியையோ கூடவே உட்கார அனுமதிக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டும். வீட்டிலிருந்து ஒரு துணியோ பொம்மையோ கொண்டுவர விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் சொல்லாமல் நழுவிப் போகக் கூடாது. "அம்மா போயிட்டு, நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்தால்தான் பிள்ளைக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை வரும். நேரம் என்பது வரிசையாக வருவது என்ற அறிவும் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறது: சாப்பாடு, தூக்கம், அம்மா.

பேச்சே பாடம்

பிள்ளை சொன்னதற்குப் பெரியவர் பதில் சொல்வதும், பதிலுக்குப் பிள்ளை இன்னொன்று சொல்வதும் மொழி வளர்ச்சியின் உயிர்நாடி. எத்தனை சொற்கள் காதில் விழுந்தன என்பதைக் காட்டிலும், எத்தனை தடவை பேச்சு கைமாறியது என்பதே முக்கியம் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தொலைக்காட்சி நாள் முழுக்கப் பேசினாலும் அது பிள்ளைக்குப் பதில் சொல்லாது.

காப்பகத்தில் இந்தப் பேச்சுக்கு வாய்ப்புள்ள நேரம் எது? பாடம் நடத்தும் அரை மணி நேரத்தில் டீச்சர் பேச, பிள்ளைகள் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். தனித்தனிப் பேச்சு கை கழுவிவிடும்போதும், கால்சட்டை மாற்றும்போதும், தலை சீவும்போதும், சோறு ஊட்டும்போதும் நடக்கிறது. ஆக, பராமரிப்பு நேரம்தான் மொழிக்கு மிகவும் வளமான நேரம். "கையை நீட்டு" என்று மட்டும் சொல்லலாம். "சோப்பு வழுக்குதா? நுரை வருது பாரு. எந்தக் கையில நுரை ஜாஸ்தி?" என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் பிடிக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீட்டு மொழியின் இடமும் இங்கே வருகிறது. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் மூன்று வயதுப் பிள்ளையிடம் "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால், அது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக் கற்கும். தன் மொழியில் கேட்டால், முட்டை சட்டை போட்டிருப்பதாகச் சொல்லும். காரணம் கேட்பது, ஒப்பிடுவது, நடந்ததை வரிசையாகச் சொல்வது ஆகியவற்றைப் பிள்ளை முதலில் தன் வீட்டு மொழியில்தான் கற்கிறது; பிறகு அந்தத் திறன் இன்னொரு மொழிக்கும் துணை நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைப் பல வகையில் ஏற்காதவர்களும், 2022-இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டம் தாய்மொழிக்கும் விளையாட்டுக்கும் தந்திருக்கும் இடத்தை மறுக்க மாட்டார்கள்.

விளையாட்டுக்குள் கணக்கும் கையெழுத்தும்

நம் முற்றத்து விளையாட்டுகளே நல்ல கலைத்திட்டம். மணலை நீளமாகக் குவித்துக் குச்சியை ஒளித்து, எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் ஊகமும் நினைவாற்றலும் வேலை செய்கின்றன. பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழியில் ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகக் காய் போட்டுக்கொண்டே போவது, எண்ணும்போது ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற அடிப்படைக் கணக்கு. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "நாலு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தருவார்கள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. (மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் உள்ள அறையில் புளியங்கொட்டை கூடாது, மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும். பெரிய மரக்கட்டையோ பாட்டில் மூடியோ போதும்.)

எழுத்துக்கு வருவோம். தமிழ் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். 'அ' எழுத ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு, ஒரு நேர்க்கோடு என்று கை பலமுறை திசை மாற வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு வருவதில்லை. அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் 'ட', 'ப', 'ம' என்று நேர்க்கோடு மிகுந்த எழுத்துகளிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால் களிமண் பிசைய வேண்டும், காகிதம் கிழிக்க வேண்டும், பூ கோக்க வேண்டும், கோலப்புள்ளி வைக்க வேண்டும், முட்டை உரிக்க வேண்டும். விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் எழுதவைக்கும் வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வயதுக்குப் பென்சிலை விட அரிசி நல்லது. எழுத்தின் வடிவம் விரலில் உணர்வாக ஏறுகிறது; தப்பினால் ஒரு தடவல் தடவி மறுபடியும் எழுதலாம்.

தமிழ்நாட்டு மையங்களுக்கென உருவாக்கிய 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' கலைத்திட்டம் பெயருக்கேற்பப் பாட்டையும் விளையாட்டையும் கதையையும் வழியாகக் கொண்டிருக்கிறது. காகிதத்தில் குறையில்லை. பெற்றோரின் மனத்தில்தான் போட்டி நடக்கிறது. தனியார் எல்.கே.ஜி. பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்து, பால்வாடிப் பிள்ளை 'சும்மா விளையாடிவிட்டு வருகிறது' என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம். கவலை உண்மையானது, அதைக் கேலி செய்வதில் பயனில்லை. மகள் உரித்த முட்டை எதைக் கற்றுத் தந்தது என்பதைத் தாய்க்கு விளக்கிச் சொல்வதும் டீச்சரின் வேலைதான். அதற்கும் நேரம் வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

சிறுபருவக் கவனிப்பின் பலனைப் பற்றிய ஆய்வுகள் உலகெங்கும் உண்டு. நம் கேள்விக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களின் நடுவில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தாம்-மெக்ரிகர் குழுவினர் பிரித்து ஆராய்ந்தார்கள். சிலருக்குத் துணை உணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, கையால் செய்த பொம்மைகளோடு தாயையும் குழந்தையையும் விளையாடவைப்பது, சிலருக்கு இரண்டும். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்த குழந்தைகள் மற்றவர்களைக் காட்டிலும் சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். துணை உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வில் இருந்தவர்கள் 123 ஏழைக் குழந்தைகள். முன்பள்ளிக்குச் சென்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் முதலில் ஏறி, சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. ஆனால் நாற்பது வயதில் அவர்களிடையே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், வருமானம் அதிகம், கைதானவர்கள் குறைவு. மதிப்பெண்ணில் காணாமல்போன பலன், பொறுமையிலும் பழகும் விதத்திலும் தங்கியிருந்து வாழ்க்கையில் வெளிப்பட்டது.

எதிர்த்திசையில் எச்சரிக்கும் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலம் 1997-இல் நாளுக்கு 5 டாலருக்குக் குழந்தைக் காப்பகம் என்று அறிவித்தது. தாய்மார் வேலைக்குப் போவது கணிசமாக உயர்ந்தது. ஆனால் பேக்கர், குரூபர், மில்லிகன் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்தது தெரிந்தது. அவசர அவசரமாக இடங்களைப் பெருக்கியபோது தரம் பல இடங்களில் ஈடுகொடுக்கவில்லை என்பது இதற்குப் பலரும் தரும் விளக்கம். அமெரிக்காவில் 1991 முதல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த இன்னொரு பெரிய ஆய்வும், காப்பகம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை என்றே காட்டியது. பார்த்துக்கொள்பவர் எவ்வளவு கனிவாகவும் கவனமாகவும் பேசிப் பழகுகிறார் என்பதைப் பொறுத்தே மொழியும் சிந்தனையும் வளர்ந்தன. குடும்பத்தின் தாக்கமோ அதைவிடப் பெரிதாக இருந்தது.

நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துவது தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு. அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநிலத்தின் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். அவர் பெரிய பட்டம் பெற்றவர் அல்லர். உள்ளூர்ப் பெண், குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். பதினெட்டு மாதங்களில் அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதோடு, வளர்ச்சி குன்றுவதும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைந்தன. கல்விக்கு ஆள் போட்டதும் உடல்நலம் ஏன் மேம்பட்டது? ஏற்கெனவே இருந்த பணியாளருக்குக் கைகள் விடுபட்டன. உடல்நலம், ஊட்டச்சத்து வேலைகளுக்கு அவர் கூடுதல் நேரம் தந்தார். 'சோறா, படிப்பா' என்ற வழக்குக்கு இதைக் காட்டிலும் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை கை

இனி அந்தக் கைகளைப் பற்றி. இந்திய அரசு 2018-இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவரும், மூன்று வயது தாண்டிய இருபது பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களானால் மூன்று பேருக்கு ஒருவர். பத்துக் கைக்குழந்தைகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும்போது, ஒன்றுக்குத் துணி மாற்றுகிற நேரத்தில் ஒன்பது பேர் பார்வைக்கு வெளியே போகிறார்கள். முட்டை உரிக்க ஐந்து நிமிடம் கொடுப்பது பிறகு எங்கே?

பால்வாடி டீச்சர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும்தான் ஒரு மையம். உதவியாளர் சமைக்கிறார், கழுவுகிறார், பிள்ளைகளை அழைத்து வருகிறார். டீச்சர் கற்பிக்கிறார், எடைபோடுகிறார், கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், பதிவேடுகளை எழுதுகிறார், அதையே மறுபடியும் கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிறார். வாக்காளர் பட்டியல் வேலையும் பலருக்கு வந்து சேர்கிறது. மத்தியத் திட்டத்தின் பார்வையில் இவர்கள் 'மதிப்பூதியம்' பெறும் தன்னார்வலர்கள். 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, அவர்கள் செய்வது முழுமையான வேலை என்பதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் முதல் ஆசிரியரை நாம் தன்னார்வலர் என்று அழைத்துக்கொண்டிருப்பது நியாயமாகாது.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அவர்களுக்குப் பால்வாடி தருவது பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவுதான். நாள் முழுதும் இருக்க இடமில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. ஆனால் கட்டட வேலைக்கும், வயல் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. 1969-இல் டெல்லியின் கட்டட வேலைத்தலம் ஒன்றில் மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கிய நடமாடும் காப்பகம், வேலை நடக்கும் இடத்துக்கே பிள்ளைக்கான இடத்தைக் கொண்டுபோக முடியும் என்று காட்டியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும், மணல் குவியலின் மேல் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஏழு வயது அக்காவை நம் நகரங்களில் பார்க்க முடிகிறது. தங்கைக்குக் காப்பகம் இல்லாதபோது அக்காவின் பள்ளியும் போய்விடுகிறது.

சட்டத்தின் இடைவெளியும் இங்கேதான். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு வழிகாட்டு நெறியாக மட்டுமே பேசுகிறது. சிறுபருவக் கவனிப்பையும் அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 259-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை சட்டமாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடும்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

கொள்கைகள் மாறும் வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். பால்வாடியோ தனியார் காப்பகமோ, சேர்ப்பதற்கு முன் ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் இருக்கும் படங்களை விட்டுவிட்டுப் பெரியவர்களின் கண்களைக் கவனியுங்கள். பிள்ளையோடு பேசும்போது குனிந்து, கண்ணுக்கு நேராகப் பேசுகிறார்களா? அழும் பிள்ளையைத் தூக்குகிறார்களா, அதட்டுகிறார்களா? கழிவறை பிள்ளையின் உயரத்துக்கு இருக்கிறதா? சாப்பிட எவ்வளவு நேரம் தருகிறார்கள்? மதியம் தூங்க இடம் உண்டா? மாலையில் உங்களிடம் "நல்லா இருந்தான்" என்று பொதுவாகச் சொல்கிறார்களா, "இன்னைக்கு எறும்பு வரிசையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான்" என்று குறிப்பாகச் சொல்கிறார்களா? அப்படிச் சொல்ல முடிந்த டீச்சர் உங்கள் பிள்ளையைத் தனியே பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அந்தப் பால்வாடியில், முட்டைச் சட்டையைக் கழற்றிய சிறுமி பாதி முட்டையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் கை கழுவப் போய்விட்டார்கள். உதவியாளர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, தட்டை எடுத்துவிடலாமா என்று கையால் கேட்டார். டீச்சர் தலையசைத்து மறுத்துவிட்டு, அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். அன்று அந்த மையத்தில் வருகை பதினைந்து பேர்தான். அதனால் அவரால் உட்கார முடிந்தது. முப்பது பேர் வந்திருந்தால் தட்டு போயிருக்கும். அந்தத் தட்டு இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே இருப்பதற்கு, ஒவ்வொரு பால்வாடிக்கும் இன்னும் ஓர் ஆளைக் கொடுங்கள்.